பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவே மலையகப் பிள்ளைகள்

இலங்கையில் 16 வயது முடிந்த ஒரு பிள்ளை தேர்தலில் வாக்களிக்க முடியாது. பொதுச் சட்டத்தின்படி திருமணம் பதிய முடியாது. ஆபத்தானது என்று பட்டியலிடப்பட்ட எந்த வேலைக்கும் அமர்த்தப்படக் கூடாது. இதற்கெல்லாம் 18 ஆக வேண்டும். ஆனால் களவு என்றோ கைகலப்பு என்றோ ஒரு முறைப்பாட்டில் பெயர் விழுந்துவிட்டால், அதே பிள்ளையை வளர்ந்த ஆளாக நினைத்து நீதவான் நீதிமன்றக் கூண்டில் ஏற்றலாம் என்பதே 2022 வரை சட்டம். சிறுவர் நீதிமன்றம் என்ற பாதுகாப்பு அதுவரை 16ஆவது பிறந்தநாளோடு முடிந்துவிட்டது. அந்த ஆண்டின் திருத்தம்தான் எல்லையை 18 ஆக்கியது.

அந்த இரண்டு வருட ஓட்டை நாட்டிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாகத்தான் இருந்தது. கொழும்பில் வசதியான வீட்டுப் பிள்ளை அதைத் தெரியாமலே தாண்டிப் போய்விடும். உயர்தர வகுப்பு, டியூஷன், கிரிக்கெட் என்று அந்த வயது பள்ளிக்கூடத்தைச் சுற்றியே கழியும். மஸ்கெலியாவிலும் பொகவந்தலாவையிலும் அக்கரப்பத்தனையிலும் கதை வேறு. தோட்டத்துப் பிள்ளைக்கு அது மலையை விட்டு இறங்கும் வயது. சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு, சில வேளை எழுதாமலே, பையன்கள் புறக்கோட்டைக் கடைகளுக்கும் வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடைகளுக்கும் பஸ் ஏறுகிறார்கள். பெண்பிள்ளைகள் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் வீட்டு வேலைக்கும் போகிறார்கள். சட்டம் கையை விட்ட வயதும் வறுமை பிடித்து வெளியே தள்ளும் வயதும் ஒன்றாகவே இருந்தன. சிறுவர் நீதிச் சட்டத்தைத் திருத்துவது சம்பளப் போராட்டத்துக்கும் காணி உரிமைக்கும் சற்றும் குறையாத மலையகப் பிரச்சினை என்று நான் சொல்வது இதனால்தான்.

எண்பது வருடம் கடந்த சட்டம்

பிள்ளைகள் சம்பந்தப்பட்ட வழக்குகளை ஆள்வது 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம். 2022 வரை 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் அதில் ‘சிறுவர்’. 14 முதல் 16 வரை ‘இளம் ஆள்’. அதற்கு மேல் அந்தச் சட்டத்துக்கு அன்று யாரையும் தெரியாது. இங்கிலாந்தில் 1933இல் வந்த சட்டத்தைப் பின்பற்றி எழுதப்பட்ட இது, அதன் காலத்தில் நல்ல சட்டம்தான். பிள்ளையின் வழக்கை வேறு அறையிலோ வேறு நேரத்திலோ விசாரிக்க வேண்டும், பொதுமக்களை உள்ளே விடக் கூடாது, பொலிஸ் காவலில் வளர்ந்தவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது, பெயரைப் பத்திரிகையில் போடக் கூடாது என்றெல்லாம் 1939லேயே எழுதி வைத்தார்கள். அதே ஏட்டில்தான் ஆண்பிள்ளைக்குப் பிரம்படி என்ற தண்டனையும் இருந்தது. நீதிமன்றங்கள் கசையடி விதிக்கும் அதிகாரம் 2005ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தால்தான் நீங்கியது.

எந்த வயதிலிருந்து ஒரு பிள்ளை குற்றவாளி ஆகலாம் என்பதைச் சொல்வது அதைவிடப் பழைய தண்டனைச் சட்டக்கோவை. 1883இல் அது வைத்த வயது 8. இரண்டாம் மூன்றாம் வகுப்புப் பிள்ளை. அந்த எண் 135 வருடம் அசையவில்லை. 2018ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வந்துதான் அதை 12 ஆக்கியது. 12க்கும் 14க்கும் இடைப்பட்ட பிள்ளைக்குத் தன் செயலின் விளைவை விளங்கிக்கொள்ளும் முதிர்ச்சி இருந்ததா என்று பார்த்தே குற்றம் தீர்மானிக்கப்பட வேண்டும் என்றும் அது சொன்னது. நல்ல திருத்தம். ஆனால் அதை ஹட்டனில் நிறுத்திப் பாருங்கள். தமிழ் மட்டும் தெரிந்த ஒரு 13 வயதுப் பிள்ளையின் முதிர்ச்சியை, சிங்களத்தில் பதிவு எழுதும் நீதிமன்றம், நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்து அளக்க வேண்டும். பயத்தில் வாயடைத்து நிற்கும் பிள்ளை விவரமறியாத பிள்ளையாகவும் தெரியலாம், அழுத்தக்காரப் பிள்ளையாகவும் தெரியலாம். எப்படித் தெரிகிறது என்பதில் அதன் வாழ்க்கை தொங்குகிறது.

சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991 ஜூலையில் ஏற்று உறுதிப்படுத்தியது. 18 வயது வரை எல்லோரும் பிள்ளைகளே என்பது அதன் முதல் உறுப்புரை. அதைக் கண்காணிக்கும் ஐக்கிய நாடுகள் குழு, குற்றப் பொறுப்பு வயது குறைந்தது 14 ஆக இருக்க வேண்டும் என்று 2019இல் எல்லா நாடுகளுக்கும் பொதுவாக அறிவுறுத்தியது. அண்டை நாடான இந்தியாவில் 18 வரை சிறார் நீதிச் சட்டம்தான். அங்கே 2015இல் வந்த சட்டம் மிகக் கொடிய குற்றங்களில் 16 முதல் 18 வரை உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு விலக்கு வைத்தது. அந்த விலக்கே தவறு என்று அங்கே இன்னும் வாதாடுகிறார்கள். இங்கே 2022 வரை 16க்கு மேல் உள்ள அத்தனை பேரும் எந்தக் குற்றமானாலும் அந்த விலக்கில்தான் நின்றார்கள். அதைப் பற்றி மலையகத்தில் ஒரு கூட்டம் நடந்ததாகக்கூடக் கேள்விப்பட்டது அரிது.

காவலில் முதல் இரவு

சட்டத்தில் வயதை மாற்றுவது பாதி வேலை. மீதிப் பாதி பொலிஸ் நிலையத்தில் இருக்கிறது. பிள்ளையின் வழக்கு நீதிமன்றத்தில் தொடங்குவதாகத்தான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது பெரும்பாலும் பொலிஸ் வாங்கில் தொடங்கி அங்கேயே முக்கால்வாசி முடிந்தும் போகிறது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும் என்பது சாதாரண விதி. அந்த 24 மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்பதே கேள்வி.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். குறிப்பிட்ட யாரையும் பற்றியதல்ல, எந்தத் தோட்டத்திலும் நடக்கக்கூடியது. தொழிற்சாலைப் பக்கம் கிடந்த இரும்புத் துண்டுகளைப் பழைய இரும்புக் கடையில் போட்டுக் காசாக்கினான் என்று 17 வயதுப் பையன் ஒருவனைப் பிடிக்கிறார்கள். அம்மா மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கிறாள். செய்தி போய், கங்காணியிடம் சொல்லி, லயத்துக்கு வந்து சேலை மாற்றி, பஸ் பிடித்து நிலையத்துக்கு வந்து சேரப் பொழுது சாய்ந்துவிடும். அதற்குள் வாக்குமூலம் எழுதியாகிவிட்டது. எழுதியவருக்குத் தமிழ் சரளமாக வராது. பையனுக்குச் சிங்களம் கடையில் பேசும் அளவுக்குத்தான் தெரியும். வாசிக்கத் தெரியாது. கீழே கையெழுத்து இருக்கிறது.

தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதப்பட்டது 1987இல், 13ஆவது திருத்தத்தில். நீதிமன்ற மொழி பற்றி 24ஆம் உறுப்புரை பேசுகிறது. தமிழ் நிர்வாக மொழியாக உள்ள பகுதிகளுக்கு வெளியே நீதிமன்றங்களில் சிங்களம் நடைமுறை மொழி. ஆனால் தமிழ் தெரிந்த ஒருவர் தமிழிலேயே வழக்கில் பங்குபற்றலாம், அவருக்கு மொழிபெயர்ப்பை அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். ஏட்டில் உரிமை இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் வராத நாளில் அந்த உரிமைக்கு ஒரு பெயர் உண்டு: தவணை. வழக்கு அடுத்த மாதத்துக்குப் போகிறது. அம்மாவுக்கு இன்னொரு நாள் ‘பேர்’, அதாவது ஒரு நாள் சம்பளம், இல்லை. 2024இல் பெருந்தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. மேல் தோட்டம் ஒன்றிலிருந்து இரண்டு பேர் ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ போய், ஒருவேளை சாப்பிட்டுத் திரும்பும் செலவையும் இழந்த நாட்சம்பளத்தையும் கூட்டினால் ஒரு தவணையின் விலை தெரியும். 2019ஆம் ஆண்டின் அரசாங்கக் கணக்கெடுப்பில் நகர்ப்புற வறுமை 6 வீதம், தோட்டப்புற வறுமை 33.8 வீதம். நீதி தாமதமாவது எல்லோருக்கும் கஷ்டம். மூன்றில் ஒரு பங்கான இந்தக் குடும்பங்களுக்கு அது சோற்றுப் பிரச்சினை.

அடுத்தது வயதுக்கான காகிதம். சிறுவர் நீதி முழுவதும் பிறந்த திகதியில் நிற்கிறது. 17 வருடம் 11 மாதம் என்றால் ஒரு கதவு, 18 வருடம் ஒரு நாள் என்றால் வேறு கதவு. தோட்டத்தில் பிறந்த பிள்ளையின் பிறப்பைத் தோட்ட நிர்வாகத்தின் வழியாக அறிவித்துப் பதிவது நெடுங்கால வழக்கம். பதிவில் பெயர் ஒரு மாதிரி, பள்ளிக்கூடத்தில் வேறு மாதிரி, தகப்பன் பெயரில் ஓர் எழுத்துப் பிழை என்று எத்தனை குடும்பங்கள் கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் அலைகின்றன என்பது மலையகத்தில் யாருக்கும் தெரியாத செய்தியல்ல. காலம் தாழ்த்திப் பதிந்த பிறப்புகள் உண்டு. பதியப்படாதவையும் உண்டு. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால்தான் கடைசித் தொகுதியினருக்கும் குடியுரிமை கிடைத்த ஒரு சமூகம் இது. பல தலைமுறைகளுக்குக் காகிதம் என்பது பயத்தோடு சேர்ந்தே வந்திருக்கிறது. வயதை நிரூபிக்கும் பொறுப்பை இந்தத் தாயின் தலையில் வைப்பது அநியாயம். சந்தேகம் இருந்தால் பிள்ளை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். மருத்துவப் பரிசோதனையில் வயதை ஏறக்குறையத்தான் சொல்ல முடியும், மாதக் கணக்கில் சொல்ல முடியாது.

பிறகு பிணை. பொறுப்பு நிற்க ஆள் வேண்டும், அவருக்குக் கிராம உத்தியோகத்தரின் கடிதம் வேண்டும், நிலையான வருமானம் காட்ட வேண்டும். இருக்கும் லயக் காம்பரா கம்பனியுடையது. உறுதி எழுதிய காணி கிடையாது. ஆகவே தகப்பன் யாரையாவது தேடி ஓடுகிறார்: கடை முதலாளி, தொழிற்சங்க மாவட்டத் தலைவர், டவுனில் ஓட்டோ வைத்திருக்கும் உறவுக்காரர். ஆள் கிடைக்காத இரவுகளில் பையன் விளக்கமறியலில் இருக்கிறான்.

அழைப்பாணையின் கதை தனிக்கதை. லயங்களில் வீட்டுக்கு வீடு முகவரி இல்லை. தோட்டத்தின் பெயரும் டிவிஷன் பெயரும் போட்டு வரும் கடிதங்கள் தோட்டக் கந்தோருக்குப் போய், அங்கிருந்து கை மாறி வந்து சேரும். அல்லது சேராது. வழக்குத் தினத்தில் ஆள் வராவிட்டால் பிடியாணை. கடிதம் கிடைக்கவில்லை என்பது நீதிமன்றத்துக்கு நம்பக் கடினமான சாக்காகத் தெரியலாம். தோட்டத்தில் வளர்ந்த யாரும் அதை உடனே நம்புவார்கள்.

கடைசியாகச் சட்டத்தரணி. பொலிஸ் நிலையத்துக்குப் போய்த் தம் கட்சிக்காரர் சார்பில் பேசச் சட்டத்தரணிகளுக்கு இடமளிக்கும் விதிகள் 2012இலேயே வர்த்தமானியில் வந்தன. அதைவிட முக்கியமான ஒன்று பலருக்குத் தெரியாமல் கிடக்கிறது. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சமவாயத்தை நடைமுறைப்படுத்த 2007இல் வந்த 56ஆம் இலக்கச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, பிள்ளையைப் பாதிக்கும் குற்றவியல் வழக்கில், உதவி இல்லாவிட்டால் பெரும் அநீதி ஏற்படும் என்றால், அரசு தன் செலவில் சட்ட உதவி தர வேண்டும் என்கிறது. இந்தச் சட்டத்தின் மற்றொரு பிரிவு, எழுத்தாளர்களையும் சமூக ஊடகத்தில் எழுதியவர்களையும் கைது செய்யப் பயன்பட்டதால் நாடெங்கும் பேசப்பட்டது. பிள்ளைகளுக்கான பிரிவைப் பயன்படுத்தும்படி யாரும் அவ்வளவு உரத்துக் கேட்கவில்லை.

சட்டத்தரணி இல்லாத பிள்ளைக்கு நீதிமன்ற வளவில் கிடைக்கும் ஆலோசனை ஒன்றுதான்: “ஒத்துக்கொள்ளு தம்பி, தண்டப் பணத்தோட முடிஞ்சிடும்.” அன்றைக்கு முடியத்தான் செய்யும். ஆனால் 17 வயதில் ஒப்புக்கொண்ட குற்றம் பதிவாக ஏட்டில் ஏறிவிடும். 21 வயதில் வெளிநாட்டு வேலைக்கோ காவலாளி வேலைக்கோ பொலிஸ் நற்சான்றிதழ் கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும். பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் சாதாரண வழக்கில் சாட்சியமாகாது என்று நம் சாட்சியச் சட்டமே சொல்கிறது. அதை அந்தப் பையனிடம் தமிழில் சொல்ல ஒரு ஆள் இருந்திருந்தால் கதை வேறாகியிருக்கும்.

எங்கே அனுப்புகிறோம்

சிறுவர்களுக்கென்றே தனியாக இயங்கும் நீதிமன்றம் என்று பத்தரமுல்லையையும் யாழ்ப்பாணத்தையும் சொல்வார்கள். மற்ற இடங்களில் வழக்கமான நீதவான் நீதிமன்றமே சிறுவர் நீதிமன்றமாக மாறி அமர வேண்டும். நுவரெலியா, ஹட்டன், வலப்பனை நீதிமன்றங்களுக்கும் அதே நிலைதான். கசிப்பு வழக்கு, விபத்து வழக்கு, தாபரிப்பு வழக்கு என்று நிரம்பி வழியும் ஒரு நாளில், பிள்ளைக்கென்று ஒதுக்கும் தனி அறையும் தனி நேரமும் எவ்வளவுக்கு மிஞ்சும் என்பதை யாரும் ஊகிக்கலாம். அறைக்குள்ளே மூடிய விசாரணை நடந்தாலும், அதுவரை பிள்ளை காத்திருப்பது எல்லோரும் பார்க்கும் விறாந்தையில். தோட்டத்துக்காரர் யாராவது ஒருவர் அங்கே இருக்காமல் போகமாட்டார்.

நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கைதான் இந்த முறையின் உயிர். பிள்ளையின் வீடு, படிப்பு, பெற்றோரின் நிலை எல்லாவற்றையும் பார்த்து நீதவானுக்குச் சொல்ல வேண்டியவர் அவர். நன்னடத்தை மாகாண சபையின் கீழ் வரும் விடயம். மாகாண சபைத் தேர்தலே நடக்காமல் வருடங்கள் ஓடிய நாட்டில் அந்தத் திணைக்களத்துக்காகக் கேள்வி கேட்க மக்கள் பிரதிநிதி ஒருவரும் இல்லாமல் போனார். தமிழ் பேசும் நன்னடத்தை உத்தியோகத்தர்கள் போதிய அளவு இல்லாவிட்டால், லயத்துக்கு ஏறி வந்து அந்த வீட்டுப் பாட்டியிடம் பேசி எழுத வேண்டிய அறிக்கை, கிராம உத்தியோகத்தரிடம் கேட்டு எழுதிய அரைப்பக்கமாகச் சுருங்கும்.

வீட்டுக்கு அனுப்ப முடியாது என்று முடிவானால் சான்றுபெற்ற பாடசாலை, தடுப்பு இல்லம். இளம் குற்றவாளிகளுக்கு 1939லேயே வந்த இன்னொரு கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பயிற்சிப் பாடசாலை. பதுளைப் பக்கம் தல்தெனையில் சிறைச்சாலைத் திணைக்களம் நடத்தும் இளம் குற்றவாளிகள் திருத்த நிலையம் அந்த வழியில் வந்தது. எந்த இல்லமானாலும் பிள்ளைக்கு முதல் தண்டனை தூரம். பெற்றோர் மாதம் ஒரு முறை பார்க்க வருவதே கஷ்டம் என்றால் அந்த இல்லத்தில் நடப்பதைக் கண்காணிக்க யாரும் இல்லை. 2023இன் கடைசியில் யாழ்ப்பாணத்துச் சிறுவன் ஒருவன் கல்முனையில் இப்படியொரு இல்லத்தில் வைக்கப்பட்டிருந்தபோது இறந்தான். அடித்ததாக அங்கு வேலை பார்த்த ஒருவர் கைதானார். களவுக் குற்றச்சாட்டுக்கு ஒரு பிள்ளை கொடுத்த விலை அது.

மலைநாட்டுக்கு இதைவிடப் பெரிய ஒரு காயம் இருக்கிறது. பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவையில் அரசு நடத்திய புனர்வாழ்வு முகாமை 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆம் திகதி ஒரு கும்பல் தாக்கியது. தடுத்து வைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர்களும் சிறுவர்களுமாக 25க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். பொலிஸார் காவலுக்கு நின்ற இடம் அது. அந்தக் கொலைகளைத் தொடர்ந்து தலவாக்கலை உட்பட மலையக நகரங்களிலும் வன்முறை பரவியது. 2003இல் ஐந்து பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீடுகளின் முடிவில் 2005இல் எல்லோரும் விடுதலையானார்கள். ‘புனர்வாழ்வு’, ‘பராமரிப்பு’, ‘திருத்தம்’ என்ற பெயர்ப் பலகைகளை மலையகம் ஏன் உடனே நம்புவதில்லை என்று கொழும்பில் இருந்து கேட்பவர்கள் இந்த வழக்கைப் படிக்க வேண்டும். பிள்ளைகளை வைத்திருக்கும் எந்த இடத்தையும் முன்னறிவித்தல் இல்லாமல் வெளியார் போய்ப் பார்க்கும் அதிகாரம் புதிய சட்டத்தில் இருந்தே ஆக வேண்டும்.

முறைப்பாடு செய்த பிள்ளை

குற்றம் சாட்டப்பட்ட பிள்ளையைப் பற்றி மட்டும் பேசினால் போதாது. குற்றத்துக்கு ஆளான பிள்ளையும் அதே பொலிஸ் நிலையத்துக்கு, அதே நீதிமன்றத்துக்கு, அதே மொழிச் சுவருக்கு முன்னால்தான் வருகிறது.

2021 ஜூலையில், கொழும்பில் முன்னாள் அமைச்சர் ஒருவரின் வீட்டில் வேலைக்கு இருந்த டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி தீக்காயங்களோடு வைத்தியசாலையில் இறந்தபோது மலையகமே தெருவில் இறங்கியது. வேலைக்கு அமர்த்தும் குறைந்தபட்ச வயது 14இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது அதே வருடத்தின் தொடக்கத்தில்தான். அந்தச் சிறுமி உயிரோடு இருந்தபோது அவள் குரலைக் கேட்க எந்த அமைப்பாலும் முடியவில்லை. இறந்த பிறகு புதைத்த உடலைத் தோண்டி மறுபடியும் பிரேத பரிசோதனை செய்தார்கள். ஒரு பிள்ளை முறையிடுவதற்கு வழி இல்லாத இடத்தில் பிரேத பரிசோதனை அறிக்கைதான் அதன் முதல் வாக்குமூலமாகிறது.

1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தம் 16 வயதுக்குட்பட்ட பெண்பிள்ளையோடான உறவைச் சம்மதம் இருந்தாலும் பாலியல் வன்புணர்வு என்றாக்கியது. அதுவரை அந்த வயது 12. பெரிய முன்னேற்றம், மறுப்பதற்கில்லை. 1999இல் வந்த சாட்சியச் சட்டத் திருத்தம் பிள்ளையின் வாக்குமூலத்தை ஒரு முறை வீடியோவில் பதிந்து வழக்கில் பயன்படுத்த இடமளித்தது. கால் நூற்றாண்டு கழிந்தும், பிள்ளை நடந்ததைப் பொலிஸாருக்கும் சட்ட வைத்திய அதிகாரிக்கும் நன்னடத்தை உத்தியோகத்தருக்கும் பிறகு நீதிமன்றத்துக்கும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. தோட்டத்துப் பிள்ளை அதை ஒவ்வொரு முறையும் மொழிபெயர்த்தும் சொல்ல வேண்டியிருக்கிறது. நீதவான் நீதிமன்றத்தில் தொடங்கி, சட்டமா அதிபரிடம் கோவை போய், மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை வருவதற்குள் பிள்ளை வளர்ந்துவிடும். பல இடங்களில் குற்றம் சாட்டப்பட்டவர் பிணையில் தோட்டத்திலேயே நடமாடுவார். பாதுகாப்பு என்ற பெயரில் வீட்டை விட்டுப் போவது முறைப்பாடு செய்த பிள்ளைதான். அதைப் பார்த்த அடுத்த குடும்பம் வாயைத் திறக்காது. எந்தச் சீர்திருத்தமும் முதலில் தலைகீழாக்க வேண்டியது இந்த வழக்கத்தை.

இன்னொன்றையும் மறைக்காமல் பேச வேண்டும். 15 வயதுப் பெண்ணும் 17 வயதுப் பையனும் காதலித்து ஓடிப்போய், பெண் வீட்டார் பொலிஸுக்குப் போனதும் பையன் வன்புணர்வு வழக்கில் நிற்கும் கதை. பையனுக்கும் 18 ஆகவில்லை, சம்மதம் இருந்தது என்றால் பத்து வருடக் குறைந்தபட்சத் தண்டனையை விடக் குறைத்து விதிக்கலாம் என்று 1995ஆம் ஆண்டுச் சட்டமே ஒரு வாசல் வைத்திருக்கிறது. ஆனால் அது தண்டனையைக் குறைக்கும் வாசல் மட்டும்தான், குற்றவாளி என்ற பெயரை அது எடுக்காது. வன்முறையும் வஞ்சகமும் இல்லாத, வயது நெருங்கிய இருவரின் விடயத்தைக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு வெளியே கையாள முடியும். அதைச் சொன்னால் குற்றவாளிகளுக்குப் பரிந்து பேசுவதாகச் சிலர் நினைக்கிறார்கள். 40 வயதுக்காரன் பிள்ளையைச் சீரழித்ததையும் இதையும் ஒரே தட்டில் வைப்பதால் தப்பித்துப் போவது அந்த 40 வயதுக்காரன்தான். பொலிஸாரின் நேரமும் நீதிமன்றத்தின் நேரமும் இந்தக் காதல் வழக்கில் செலவாகின்றன.

வரைவும் வாழ்க்கையும்

1939இன் சட்டத்துக்குப் பதிலாக 18 வயது வரை எல்லோரையும் சேர்த்து ஒரு புதிய சட்டம் வேண்டும் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. சிறுவர் நீதிமுறைப் பாதுகாப்புச் சட்டமூலம் என்ற பெயரில் அதற்கான வரைவு பல வருடங்களாகக் கை மாறி வந்தது. அதை விரைந்து நிறைவேற்றுங்கள் என்று ஐக்கிய நாடுகள் குழு 2018இலேயே சொன்னது. ஆட்சிகள் மாறின, அமைச்சுகள் மாறின, பிள்ளைகளுக்கு 18 ஆகிக்கொண்டே போனது.

வெளிநாட்டு உதாரணங்கள் வேண்டுமானால் இருக்கின்றன. ஸ்கொட்லாந்து 1971இலிருந்து பெரும்பாலான பிள்ளைகளை நீதிமன்றத்துக்கு அனுப்பாமல் ஊர்ப் பிரதிநிதிகள் அமர்ந்து கேட்கும் சபைக்கு அனுப்புகிறது. நியூசிலாந்து 1989இல் குடும்பத்தையும் பாதிக்கப்பட்டவரையும் ஒன்றாக உட்கார வைத்துத் தீர்வு காணும் முறையைச் சட்டமாக்கியது. நம் நாட்டிலும் அடித்தளம் இல்லாமல் இல்லை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மத்தியஸ்த சபைகள் ஊர் ஊராக இயங்குகின்றன. பள்ளிக்கூட வாசலில் நடந்த அடிபிடியையும் இரும்புத் துண்டு களவையும் பயிற்சி பெற்ற, தமிழ் தெரிந்த, பிள்ளைகளின் பெயரை வெளியே விடாத ஒரு தனி மத்தியஸ்தக் குழு தீர்த்து வைக்க முடியும். அப்படி ஒரு குழுவில் தோட்டத் துரைக்கோ தொழிற்சங்கத் தலைவருக்கோ நாற்காலி போடக் கூடாது. கங்காணி விசாரித்து, கந்தோரில் துரை தீர்ப்புச் சொல்லி, பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்துத் தோட்டத்தை விட்டே விரட்டிய காலத்தை இந்தச் சமூகம் பார்த்திருக்கிறது. ‘துண்டு’ இல்லாமல் ஒரு தொழிலாளி இன்னொரு தோட்டத்தில் பேர் பதிய முடியாத முறை 1921இல்தான் ஒழிந்தது. அந்தக் கந்தோர் நீதி வேறு பெயரில் திரும்பி வர நாம் வழி விடக் கூடாது.

மலையகத்தின் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. 18 என்ற எண் புதிய சட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதோடு நில்லாதீர்கள். பிள்ளையின் வாக்குமூலம் பிள்ளையின் மொழியிலேயே எழுதப்படாவிட்டால் செல்லாது என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். வயதில் சந்தேகம் இருந்தால் பிள்ளைக்குச் சாதகமாக முடிவெடுக்க வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். பெற்றோரும் சட்டத்தரணியும் வரும் வரை விசாரணை தொடங்கக் கூடாது, பிள்ளைக்குப் பணப் பிணையும் சொத்துப் பிணையும் கேட்கக் கூடாது, 18க்கு முன் ஏறிய குற்றப் பதிவு நற்சான்றிதழில் வரக் கூடாது என்று கேளுங்கள். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் சிறுவர் வழக்குக்கென்று தமிழில் விசாரிக்கக்கூடிய ஒரு நீதிமன்றத்தைக் கேளுங்கள். ஆயிரம் ரூபா சம்பளத்துக்காக வருடக்கணக்கில் குரல் கொடுக்க முடிந்த தொழிற்சங்கங்களுக்கு இது பெரிய வேலையல்ல. ஒவ்வொரு சங்கக் காரியாலயத்திலும் இரவில் தொலைபேசி எடுக்கும் ஒரு சட்டத்தரணியை வைத்திருக்கச் சந்தாப் பணமே போதும்.

புதிய சட்டம் வரும் வரை வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழை இப்போதே எடுத்துப் பாருங்கள். பெயரிலோ திகதியிலோ பிழை இருந்தால் இன்றைக்கே திருத்த விண்ணப்பியுங்கள். உங்கள் லயத்தில் ஒரு பிள்ளையைப் பொலிஸ் கூட்டிக்கொண்டு போனால் தாயை மட்டும் தனியே அனுப்பாதீர்கள், சான்றிதழை எடுத்துக்கொண்டு கூடப் போங்கள். எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், விளங்காத எதிலும் கையெழுத்து வைக்க விடாதீர்கள். ஒப்புக்கொள்வதற்கு முன் சட்ட உதவி ஆணைக்குழுவின் சட்டத்தரணி ஒருவரைக் கேளுங்கள். பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற எண்ணுக்கு அழையுங்கள். தமிழில் பேசுங்கள், தமிழிலேயே பதில் கேளுங்கள்.